இரணைமடுவுக்கு மேலேயும் ஆறு இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கியதும் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் அடிக்கணக்கில் தங்கள் பத்திரிகையில் வரத் தொடங்கிவிடும். கிளிநொச்சியில் கமம் செய்யும் எங்களுக்கு அந்தச் செய்தி பஞ்சாங்கத்தைப் போன்றது. இருபது அடி என்றால் சிறுபோகத்தில், அதாவது கோடைப் பயிர்ச்செய்கையில், எவ்வளவு விதைக்கலாம், முப்பது அடி என்றால் எவ்வளவு என்று தேநீர்க்கடையில் இருந்தபடியே பங்கு பிரித்துவிடுவோம். குளம் 36 அடியைத் தொட்டு மிகைநீரை வெளியேற்றும் வான் கதவுகள் திறக்கப்படும் நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து எந்த வழியாக வந்து சேர்கிறது, வரும் வழி இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி நாங்களும் பேசுவதில்லை, கூட்டங்களிலும் பேசப்படுவதில்லை, பத்திரிகைகளிலும் அரிதாகவே வருகிறது. அதைப் பற்றியே இக்கடிதம். நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் பிறந்தது கனகராயன்குளத்துக்குக் கிழக்கே, கண்டி வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிறுகுளத்து ஊரில். மணமுடித்து வந்தபின், இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, கமம் செய்து வருவது வட்டக்கச்சியில், இரணைமடு வாய்க்கால் தண்ணீரில். ஆகவே ஆற்றின் மேற்பக்கத்துப் பேச்சும் கீழ்ப்பக்கத்துப் பேச்சும் எனக்குப் பழக்கமானவை. மேலே இருப்பவர்கள் இரணைமடுவைப் பெரிய இடத்துக் குளமாக நினைக்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்கோ மேலே காடு இருக்கிறது என்பதற்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒரே ஆற்றால் பிழைக்கும் இரண்டு பகுதியினர் ஒருவரையொருவர் இவ்வளவுக்கு அறியாமல் இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கனகராயன் ஆறு வவுனியாவுக்கு வடக்கே சேமமடுப் பக்கத்தில் தொடங்கி, கனகராயன்குளம், மாங்குளம் பகுதிகளைக் கடந்து வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவில் தேங்கி, மிஞ்சிய நீர் கண்டாவளைப் பக்கமாகப் போய் ஆனையிறவுக் கடனீரேரியில் சேர்கிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று மூன்று மாவட்டங்கள் அதன் வடிநிலத்தில் அடங்குகின்றன. இரணைமடுவுக்கு நீர் தரும் பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். அதன் பெரும்பகுதி கிளிநொச்சி மாவட்டத்துக்கு வெளியே கிடக்கிறது. ஆனால் குளத்து நீரைப் பற்றித் தீர்மானம் எடுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டமோ கிளிநொச்சி அரசாங்க அதிபரின் தலைமையில், கிளிநொச்சிக் கமக்கார அமைப்புகளோடு நடக்கிறது. சட்டப்படி அதில் பிழையில்லை. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் வாய்க்காலுக்கு நீர் விடும் துருசைத் திறப்பது, எந்தத் திகதியில் பூட்டுவது என்பவற்றை அந்தக் கூட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். பானையில் உள்ளதைப் பங்கிடும் கூட்டம் அது. பானைக்குள் தண்ணீர் வரும் வழியைப் பார்ப்பதற்கென்று ஒரு கூட்டம் எங்கேயும் இல்லை என்பதுதான் என் முறைப்பாடு.

அந்த வழியை ஏன் பார்க்க வேண்டும் என்பதைக் கணக்கால் சொல்கிறேன். கமக்காரனுக்கு விளங்கும் அளவை ஏக்கரும் அடியுமே. 227 சதுர மைல் என்பது சுமார் 145,000 ஏக்கர். அந்தப் பரப்பு முழுவதிலும் ஓர் அங்குல மழை பெய்தால் மண்ணில் விழுவது ஏறத்தாழ 12,000 ஏக்கர் அடி நீர். ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடு, பின்னர் பல தடவை உயர்த்தப்பட்டு, 34 அடியில் 106,500 ஏக்கர் அடி கொள்ளும் குளமாக இருந்தது. அண்மைய புனரமைப்பில் மேலும் இரண்டு அடி உயர்த்தப்பட்டு 119,500 ஏக்கர் அடியாகியது. வெளிநாட்டு நிதியில் ஆண்டுக்கணக்காக வேலை செய்து நாம் பெற்ற மேலதிகக் கொள்ளளவு 13,000 ஏக்கர் அடி. மேல்நிலத்தில் விழும் ஓர் அங்குல மழையைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. விழுகிற மழை முழுவதும் குளத்துக்கு வந்து சேர்வதில்லை என்பது உண்மைதான். காடும் மண்ணும் ஒரு பங்கை உறிஞ்சும், சிறுகுளங்கள் ஒரு பங்கை மறிக்கும், வெயில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். அந்தப் பங்குகள் கூடுவதும் குறைவதும் மேல்நிலத்தின் நிலைமையைப் பொறுத்தவை. அங்கே ஏற்படும் சிறிய மாற்றம் கீழே இரண்டு அடிக் கட்டை விழுங்கிவிடும். அல்லது அந்தக் கட்டுக்கு மேலால் பாயும்.

2018 டிசம்பரில் நடந்தது இதுதான். அம்மாதம் 7ஆம் திகதி புனரமைக்கப்பட்ட குளத்தை அப்போதைய ஜனாதிபதி திறந்துவைத்தார். இரண்டு கிழமை கழித்து, 21ஆம் திகதி இரவு, மேல்நிலத்தில் பேய்மழை பெய்தது. விடியும்போது முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம். கதிர் தள்ளும் பருவத்தில் நின்ற, மாரியை நம்பி விதைத்த காலபோக நெல் அப்படியே மூழ்கியது. ஆடு மாடுகளை இழந்தவர்கள் பலர். வான் கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டனவா என்று கேள்வி எழுந்தது, விசாரணையும் நடந்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதே. ஆனால் கதவடியில் நின்றவர் எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்பதோடு நாட்டின் கவனம் முடிந்துவிட்டது. மாங்குளத்திலும் கனகராயன்குளத்திலும் மாலையிலேயே ஆறு பெருகியிருக்குமானால் அந்தச் சேதி இரணைமடுவுக்கு எந்த வழியால், எவ்வளவு நேரத்தில் வந்திருக்கக்கூடும் என்று எவரும் கேட்டதாக நான் அறியவில்லை.

இதிலே கமக்காரர் பக்கத்துப் பிழையையும் மறைக்காமல் எழுத வேண்டும். கார்த்திகை முடிவில் குளம் முப்பது அடியைத் தாண்டினால், வெள்ளத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் திறந்துவிடுங்கள் என்று பொறியியலாளர் சொல்வார். நாங்கள் விடமாட்டோம். திறந்துவிட்டபின் மார்கழியில் மழை பொய்த்தால் சிறுபோகத்தில் எங்களில் பாதிப் பேருக்குப் பங்கு இல்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சியை அனுபவித்தவர்களிடம் போய், கையில் இருக்கும் தண்ணீரைக் கடலுக்கு விடுங்கள் என்று சொல்வது இலகுவான காரியமல்ல. ஆகவே ஒவ்வொரு மார்கழியிலும் அதிகாரிகள் வெள்ளத்துக்குப் பயந்தும், நாங்கள் வறட்சிக்குப் பயந்தும் இழுபறிப்படுகிறோம். இரண்டு பயமும் நியாயமானவை. மேல்நிலத்தில் எவ்வளவு மழை பெய்திருக்கிறது, அங்குள்ள குளங்களில் எத்தனை வான் பாய்கின்றன, மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று நாள்தோறும் தெரிந்தால், எத்தனை அடி இடம் விடலாம் என்பதை இரு பகுதியினரும் ஊகத்தால் அன்றிக் கணக்கால் பேசலாம்.

யாழ்ப்பாணக் குடிநீர்ப் பிரச்சினையும் இதே பானைக்குள்தான் சிக்கியது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி ஒப்புதல் அளித்த திட்டத்தில், இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீர் குடாநாட்டுக்கு எடுத்துச் செல்லப்படும் என்றிருந்தது. கமக்கார அமைப்புகள் எதிர்த்தன. நானும் எதிர்த்தவர்களோடு நின்றவன். திட்டம் மாற்றப்பட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இன்று அமைதியாக இருந்து கணக்குப் பார்த்தால், அன்று கேட்கப்பட்ட நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 ஏக்கர் அடி. சிறுபோகத்தில் கடைசி வாய்க்கால்காரனுக்கு அது சிறிய தொகையல்ல. அவனுடைய பயத்தை நான் இன்றும் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை ஆண்டுகள் நடந்த வாதத்தில், மேல்நிலத்தைச் சீர்செய்தால் அந்த 8,000 ஏக்கர் அடியை ஆற்றிலிருந்தே தேடலாமா என்று யாழ்ப்பாணமும் கேட்கவில்லை, கிளிநொச்சியும் கேட்கவில்லை. இப்போது யாழ்ப்பாணக் குடிநீருக்காக வடக்கின் இன்னோர் ஆறான பாலியாற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கேயாவது நீர்த்தேக்கத்தைக் கீறுவதற்கு முன் நீரேந்து பகுதியைக் கீறுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இனி மேல்நிலத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சிறுகுளம் தனியான குளமல்ல. அதற்கு மேலே காட்டுக்குள் இரண்டு குளங்கள், கீழே மூன்று. மேற்குளம் வான் பாய்ந்தால் அந்த நீர் வயல்களைத் தாண்டி அடுத்த குளத்துக்கு வரும். வயலில் பாய்ச்சி வடிந்ததும் அப்படியே. ஒரு மழையை நாலு ஊர் பாவித்த பிறகுதான் அது கனகராயன் ஆற்றில் விழும். இத்தகைய தொடர்குளங்கள் வன்னிக்கு மட்டும் உரியவையல்ல. இலங்கையின் உலர்வலயம் முழுவதும் உள்ளவை. அவற்றை உலகப் பாரம்பரிய விவசாய முறைகளில் ஒன்றாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. அந்தப் பெருமையெல்லாம் தெரியாமலே எங்கள் அப்பு குளத்தின் அலைகரையில், அதாவது கட்டுக்கு எதிரே நீர் வந்து சேரும் மேற்கரையில், நின்ற மருத மரங்களில் கத்தி வைக்க ஒருவரையும் விடமாட்டார். மரம் நின்றால் காற்றின் வேகம் குறையும், வேர் மண்ணைப் பிடிக்கும், காட்டிலிருந்து அடித்துவரும் வண்டல் குளத்துக்குள் இறங்குமுன் அங்கேயே படியும். குளத்தில் நீர் நின்றவரை வீட்டுக் கிணற்றில் கைக்கயிறு எட்டும். குளம் வற்றிய ஆண்டில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டு நீட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அந்தக் குளத்துக்குப் புனரமைப்பு வந்தது. எந்த நிதி, எந்த ஒப்பந்தகாரர் என்பது இங்கே தேவையில்லை. கனரக இயந்திரம் வந்து கட்டை உயர்த்தியது, மிகைநீர் வழியும் கலிங்கைக் கட்டியது, புதுத் துருசு வைத்தது, பெயர்ப்பலகையும் நாட்டியது. கட்டுக்கு வேண்டிய மண்ணைக் குளத்துக்குள்ளேயே, கட்டுக்குப் பக்கத்திலேயே ஆழமாகக் கிண்டி எடுத்தார்கள். குளத்தின் அடியில் காலங்காலமாகப் படிந்து நீர் கசியாமல் பிடித்திருந்த களிப்படை அங்கே உடைந்தது. கட்டு உயர்ந்ததால் நீர் ஆழத்துக்குப் போகாமல் அகலத்துக்குப் போய் அலைகரை மரங்களின் அடியில் நின்றது. மருதுகள் சில பட்டுப்போயின. அகலமாகவும் ஆழமில்லாமலும் நிற்கும் நீரை வன்னி வெயில் என்ன செய்யும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. கடதாசியில் குளத்தின் கொள்ளளவு கூடியிருக்கிறது. சித்திரையில் கிணறு முன்னையதைவிட முந்தி வற்றுகிறது. கட்டை உயர்த்தாமல், மேற்பக்கத்தில் சேர்ந்த வண்டலை மாத்திரம் அளவாக அள்ளி, அதை வயலுக்கும் தோட்டத்துக்கும் எருவாகக் கொடுத்திருந்தால் செலவும் குறைந்திருக்கும். ஊரில் இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். மதிப்பீட்டில் கட்டு வேலைக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்று பதில் வந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊர்க்காரர் தங்கள் குளத்தை மட்டும் கேட்டார்கள், அது கிடைத்தது. காட்டுக்குள் இருக்கும் இரண்டு மேற்குளங்கள் உடைந்தபடியே கிடக்கின்றன. ஊர் இல்லாத குளத்துக்குப் பயனாளிப் பட்டியல் இல்லை, பயனாளி இல்லாவிட்டால் நிதி இல்லை. அவை இப்போது வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் இருக்கின்றன. எல்லைக்கல் விடயத்தில் எங்கள் மக்களுக்கு நிறையக் கோபம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. என்றாலும் அந்தக் குளங்களைச் சுற்றிக் காடு நிற்பதை நான் தீமையாகக் கருதவில்லை. காடு காடாகவே இருக்கட்டும். உடைந்த கட்டை மட்டும் மண்ணால் மூட அனுமதி தந்தால் போதும். மேற்குளம் உடைந்திருந்தால் பெருமழையில் அதன் நீர் முழுவதும் ஒரே அடியாகக் கீழ்க்குளத்தின் கட்டில் மோதும். தொடர்குளத்தைக் கீழிருந்து மேலாகத் திருத்துவது கூரை ஒழுக நிலத்தை மெழுகுவதற்குச் சமம்.

மணலைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. தங்கள் பத்திரிகையே பல தடவை எழுதிவிட்டது. ஒரு விடயத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மணல் எடுத்த இடத்தில் ஆறு தாழும். ஆறு தாழ்ந்தால் பக்கத்துக் கிணறும் தாழும், கரையும் சரியும். சரிந்த கரை மண் அடுத்த மாரியில் இரணைமடுவின் அடியில் போய்ப் படியும். இரவில் டிப்பரில் போவது மணல் மட்டுமல்ல என்று கிளிநொச்சிக் கமக்காரர் உணர்ந்தால், மாங்குளத்துக் கரையில் கிண்டுவது அங்குள்ளவர்களின் பிரச்சினை என்று ஒதுங்கி நிற்கமாட்டார்கள்.

இவற்றையெல்லாம் யாரிடம் சொல்வது என்று ஒருமுறை விசாரித்துப் பார்த்தேன். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது, பெரிய குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது. குளத்துக்கு மேலே நிற்கும் காடு வனவளத் திணைக்களத்திடமும், ஆற்று மணல் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்திடமும், குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் இருக்கின்றன. ஒவ்வொரு கந்தோரிலும் மரியாதையாகவே பேசினார்கள். ஒவ்வொரு கந்தோரிலும் இன்னொரு கந்தோரின் பெயரைச் சொன்னார்கள். அத்தோடு ஒவ்வொன்றுக்கும் மூன்று மாவட்டக் கிளைகள். கனகராயன் ஆறு முழுவதும் வட மாகாணத்துக்குள்ளேயே ஓடி முடிவதால், அதைப் பற்றித் திட்டமிட அயல் மாகாணத்தோடு பேச வேண்டிய தேவைகூட இல்லை. மாகாண சபை இருந்தால் அங்கேயே கேட்டிருக்கலாம். 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது; இதை எழுதும் நாள்வரை தேர்தல் நடக்கவில்லை. அதுவரை ஆளுநரின் செயலகமாவது மூன்று மாவட்டச் செயலாளர்களையும் இந்தத் திணைக்களங்களையும் ஆண்டுக்கு இருமுறை ஒரு மேசையில் இருத்தி, கனகராயன் ஆற்றுக்கென்று ஒரே வரைபடத்தையும் ஒரே வேலைத்திட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம். எந்தக் குளம் எந்தக் குளத்துக்கு நீர் தருகிறது, எது உடைந்திருக்கிறது, எங்கே மணல் எடுப்பது முற்றாக நிறுத்தப்பட வேண்டும் என்பன அந்த வரைபடத்தில் இருந்தால், அடுத்த நிதி வரும்போது முதலில் எந்தக் கட்டைத் தொடுவது என்பதில் சண்டை குறையும்.

வரைபடத்தில் கடனீரேரியையும் விட்டுவிடக் கூடாது. இரணைமடுவிலிருந்து வான் பாய்வது வீணாகக் கடலுக்குப் போகிறது என்று நாங்கள் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். மாரியில் அந்த நன்னீர் கலப்பதால்தான் இறாலும் மீனும் அங்கே பெருகுகின்றன என்று கண்டாவளைப் பக்கத்துத் தொழிலாளிகள் சொல்வார்கள். பொறியியலாளர் ஆறுமுகம் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டுபோகும் திட்டத்தை வகுத்தபோதும் நம்பியது பெரும்பாலும் இந்த ஆற்று நீரையே. அத்திட்டம் இன்று வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். எதுவானாலும் மேல்நிலத்திலிருந்தே கணக்குத் தொடங்க வேண்டும்.

மழைமானிக்கு வருகிறேன், ஏனென்றால் இது நாளைக்கே செய்யக்கூடியது. சேமமடுவிலிருந்து அம்பகாமம் வரை ஆற்றின் இருபக்கத்துப் பாடசாலைகளில் ஒவ்வொரு மழைமானி வைத்து, காலை எட்டரை மணிக்கு அளந்த அளவைத் தொலைபேசியில் இரணைமடுப் பொறியியலாளருக்கு அனுப்புவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் ஆர்வமுள்ள பிள்ளைகள் இரண்டு பேரும் போதும். தன்னியக்கக் கருவிகள் வருமென்றால் நல்லது. அவை வரும்வரை பிள்ளைகள் அளக்கட்டும். அந்த அளவுகளைக் குளத்தின் அடிக்கணக்கோடு சேர்த்துத் தங்கள் பத்திரிகையும் வெளியிட்டால், முரசுமோட்டையில் இருப்பவர் மாங்குளத்து மழையைப் பார்த்துத் தன் மாட்டை மேட்டுக்கு ஏற்றுவார்.

வரும் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு மாங்குளம், கனகராயன்குளம் பகுதிகளிலிருந்து ஒவ்வொரு கமக்கார அமைப்பின் பிரதிநிதியைப் பார்வையாளராகவேனும் அழைக்கும்படி நான் எழுந்து கேட்கவிருக்கிறேன். கடந்த முறை இதைச் சொன்னபோது, அவர்களுக்கு எங்கள் குளத்தில் என்ன வேலை என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அவருக்கு இந்தக் கடிதமே பதில். வருபவர்களின் பஸ் செலவையும் மதியச் சாப்பாட்டையும் எங்கள் அமைப்பு பொறுப்பேற்கும் என்று பொருளாளரிடம் பேசிவிட்டேன்.

இங்ஙனம்,
இரணைமடுக் கமக்காரர் ஒருவர்,
வட்டக்கச்சி.